சாம்பாரும் பாயசமும்: டெல்லி கணேஷைத் திரையில் சந்தித்த அனுபவம்

டெல்லி கணேஷை நேரில் பார்த்தவர்களும், அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டவர்களும், சபா வாசலில் இரண்டு வார்த்தை பேசியவர்களும் தங்கள் அனுபவங்களைச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அந்த வாய்ப்புக் கிடைத்ததில்லை. நான் அவரைச் சந்தித்ததெல்லாம் திரையில்தான். ஆனாலும் இத்தனை முறையும் ஒரே மனிதரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது நெடுநாள் கழித்தே உறைக்கும்படி அவர் நடித்திருக்கிறார் என்பதால், இதையும் ஒரு சந்திப்பாக எழுதத் துணிகிறேன்.

அவருடைய பூர்வீகம் வல்லநாடு. 1964 முதல் 1974 வரை விமானப்படையில் பணியாற்றியவர், டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்தவர், பின்னர் கே. பாலசந்தரின் 'பட்டினப்பிரவேசம்' வழியாகத் திரைக்கு வந்து, அந்த இயக்குநரிடமிருந்தே ஊரை முன்னொட்டாகக் கொண்ட பெயரையும் பெற்றவர். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த எங்கள் அத்தை, தொலைக்காட்சியில் அவர் முகம் வந்தாலே "நம்ம வல்லநாட்டுக்காரர்லா" என்று உரிமை கொண்டாடுவார். டெல்லிப் பெயரோடு திரிந்தவரை அத்தை கடைசிவரை டெல்லிக்கு விட்டுக்கொடுக்கவே இல்லை.

தமிழ்த் திரையுலகம் அவரைப் பெரும்பாலும் ஐயர் வேடங்களுக்கே அழைத்தது என்பது உண்மை. வேறொரு நடிகராக இருந்தால் ஒரே பேச்சு, ஒரே உடல்மொழி, ஒரே பஞ்சகச்சம் என்று காலத்தை ஓட்டியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி. 'சிந்து பைரவி'யில் (1985) வரும் மிருதங்க வித்வான் குருமூர்த்தி குடிப்பழக்கம் உள்ளவர். மேடையில் அவர்மீது வீசும் வாடையை உணர்ந்து பாடகர் அவரை எழுப்பி அனுப்பிவிடுகிறார். அந்த அவமானத்தைக் குருமூர்த்தி தாங்கிக்கொள்ளும் விதம்தான், பிற்பாடு அதே பாடகர் குடியில் விழும்போது நமக்குக் கசப்பைத் தருகிறது. 'நாயகன்' (1987) படத்தின் ஐயரோ முற்றிலும் வேறு ஆள். வேலு நாயக்கரின் தமிழை எதிரே இருப்பவர்களுக்கு இந்தியில் எடுத்துச் சொல்லும் இடத்தில், பேசுவது அவர் வாய் என்றாலும் அதிகாரம் இன்னொருவருடையது என்பதை உட்கார்ந்திருக்கும் தோரணையிலேயே காட்டிவிடுகிறார். 'அவ்வை சண்முகி'யின் (1996) சேதுராம ஐயர் வெளியே ஆசாரமும் உள்ளே சபலமுமாக அலைபவர். இந்த மூவரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள்.

இவற்றையெல்லாம் விட எனக்கு நெருக்கமானவை இரண்டு கல்யாண வீட்டுச் சமையற்கட்டுகள்.

முதலாவது, 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) படத்தில் வருவது. பாலக்காட்டு மணி ஐயர், தம் வளர்ப்பு மகன் காமேஸ்வரனோடு சமையல் ஒப்பந்தம் எடுத்த இடத்தில், சாம்பாருக்குள் மீன் விழுந்துவிடுகிறது. கிரேசி மோகனின் வசனத்தை அந்தப் பாலக்காட்டு ராகத்தில் கேட்டு எத்தனையோ முறை சிரித்திருக்கிறேன். ஆயினும் கூர்ந்து பார்த்தால், அந்தக் காட்சியில் மணி ஐயர் நகைச்சுவை நடிகராக நடந்துகொள்ளவே இல்லை என்பது தெரியும். பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிந்தால் தொழிலும் மானமும் ஒருசேரப் போய்விடும் என்ற ஒரு சமையற்காரரின் கிலி மட்டுமே அவரிடம் இருக்கிறது. அந்தக் கிலி மெய்யாக இருப்பதால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது.

இரண்டாவது, 2021இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான 'நவரசா' தொகுப்பில் வசந்த் இயக்கிய 'பாயசம்'. தி. ஜானகிராமனின் சிறுகதையை அடியொற்றியது. அண்ணன் மகன் செல்வாக்கும் செழிப்புமாக வாழ்வதைப் பொறுக்க முடியாத கிழவர் சாமநாது, அவன் வீட்டுக் கல்யாணத்தில் பாயசப் பாத்திரத்தையே கவிழ்த்துவிட்டு, அதில் எலி விழுந்துவிட்டதாகச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறார். கைம்பெண்ணாக வீட்டோடு இருக்கும் மகளுக்கு மட்டும் உண்மை தெரிந்துவிடுகிறது. படம் வெளியானபோது கணேஷுக்கு வயது 77. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பக்கத்தில் நின்றவருக்கு அங்கே கதையின் நடுவிடம் கிடைத்தது. பொறாமைக் கதை என்று நாம் எண்ணுவதை அந்தத் தொகுப்பு அருவருப்பு என்ற சுவையின் கீழ் வைத்திருப்பது முதலில் எனக்குப் பொருந்தாததாகப் பட்டது. மகளின் பார்வைக்கு முன்னால் சாமநாதுவின் முகம் சுருங்குவதைப் பார்த்த பிறகுதான், அருவருப்பு யாருக்கு யார்மீது என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. அங்கே மன்னிப்பு கேட்கும் பாவனையோ, நம் இரக்கத்தைக் கோரும் முயற்சியோ துளியும் இல்லை. அற்பத்தனத்தை அற்பத்தனமாகவே வைத்துவிட்டார்.

சாம்பாரில் உண்மையாகவே மீன் விழுந்தது, அதை மறைக்கப் பார்த்தார்கள். பாயசத்தில் எதுவும் விழவில்லை, விழுந்ததாகச் சொன்னார். இரண்டையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் பார்க்கும்படி நண்பர்களிடம் சொல்லிவருகிறேன்.

ஐயர் வேடத்துக்கு வெளியே என்றால் முதலில் சொல்ல வேண்டியது 'பசி' (1979). ஷோபாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதைத் தந்த அந்தப் படத்தில், அவருக்குத் தந்தையாக, ரிக்‌ஷா இழுக்கும் முனியாண்டியாக நடித்ததற்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு கணேஷுக்குக் கிடைத்தது. மணி ஐயரை மனத்தில் வைத்துக்கொண்டு முனியாண்டியைப் பார்க்க உட்கார்ந்தால் ஆளையே அடையாளம் தெரியாது. 'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தின் வில்லன் கூட்டத்தில் ஒருவராக, பிரான்சிஸ் அன்பரசாக வந்தவரும் இவரேதான்.

தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. 'கஸ்தூரி', 'செல்லமே' போன்ற தொடர்கள் அவரை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஆனால் ஒரே அதிர்ச்சியை மூன்று கோணங்களில் திரும்பத் திரும்பக் காட்டும் தொடர் மரபில் அவருக்குச் செய்ய அதிகம் இல்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு மற்றவர்கள் அலறும்போது இவர் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். எங்கள் அம்மா அடுப்படியில் வேலையாக இருந்தபடியே, கூடத்திலிருந்து வரும் அந்தக் குரலை மட்டும் கேட்டு, வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதைச் சரியாக ஊகித்துவிடுவார். அந்தக் குரலின் வலிமை பாலசந்தருக்கு முன்பே தெரிந்திருந்தது; '47 நாட்கள்' (1981) படத்தில் சிரஞ்சீவிக்குத் தமிழ்க் குரல் கொடுத்தவர் டெல்லி கணேஷ்தான்.

2024 நவம்பரில், தம் 80ஆம் வயதில் அவர் காலமானபோது 400க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர் என்று எழுதினார்கள். அவற்றுள் அவர் கதாநாயகனாக நடித்த 'எங்கம்மா மகாராணி' (1981) மட்டும் எனக்கு இதுவரை பார்க்கக் கிடைக்கவில்லை. கொட்டகையில் பார்த்தவர்கள் இருந்தால், கதாநாயகனாக அவர் எப்படி இருந்தார் என்பதை விரிவாக எழுதுங்கள்.