கிட்டிமாட்டும் அக்கரை ஹைஸ்லா கிராமமும்: உங்களுக்கு மறக்காத ஒரு சந்திப்பு

மழைக்காடு

ரொம்ப நாளா உறுத்துது, அதான் ஆரம்பிக்கிறேன். கனடாவோட பிரிட்டிஷ் கொலம்பியாவுல இருக்கிற கிட்டிமாட்ல அலுமினிய உருக்காலை (ஸ்மெல்ட்டர்) கட்டின காலத்துப் போட்டோக்கள்ல இருக்கிறவங்க யாருன்னு கண்டுபிடிக்க ஒரு கூட்டம் போட்டிருந்தாங்க. யார் நடத்தினதுங்கறது இங்க வேண்டாம். மேசை முழுக்க 1951, 52, 53 படங்கள். காடு வெட்டுறது, படகுத்துறை, ஆளுங்க தங்க கலிபோர்னியாவிலிருந்து இழுத்துட்டு வந்து நிறுத்தின டெல்டா கிங் கப்பல். படத்துக்குப் பின்னாடி சுத்தமா டைப் அடிச்ச குறிப்பு: இன்ஜினியர் பேர், இயந்திரத்தோட மாடல், தேதி. ஒரு படத்துல மட்டும் நாலு பேர் நிக்கிறாங்க, ரெண்டு பேருக்குத்தான் பேர். மத்தவங்க "உள்ளூர்க்காரர் இருவர்".

அக்கரையில இருக்கிற, முதல் குடிகளான ஹைஸ்லா மக்களோட கிராமத்திலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி அந்தப் படத்தை எடுத்தாங்க. ஆளைப் பார்க்கல. பின்னாடி கட்டியிருந்த படகு மேல விரலை வெச்சு, "இது எங்க பெரியப்பா படகு"ன்னாங்க. அங்கிருந்து ஆரம்பிச்சது. படகை எந்தக் கரையில செஞ்சாங்க, யார் கூட நின்னாங்க, பெரியப்பா எந்தக் குலம், பெரியம்மா யாரு, அந்தப் படகு எப்படி உடைஞ்சதுன்னு நிறுத்தாம வந்துக்கிட்டே இருந்தது. எழுதிக்கிட்டிருந்த பொண்ணுகிட்ட இருந்த படிவத்துல "பெயர்"னு ஒரு கட்டம், ஒரே ஒரு வரி. அவ பேரை மட்டும் எழுதிட்டு அடுத்த படத்தை எடுத்தா.

மீதியை நான் போன்ல தட்டி வெச்சிருக்கேன். அதை யார்கிட்ட கொடுக்கிறதுன்னு இன்னைக்கும் தெரியல.

குளிர்க்காத்து

எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு) முனையம் கட்டுறப்ப கேம்ப்ல இருந்தவன் நான். கூட வேலை பார்த்த ஹைஸ்லா பையன் ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனான். டவுன்ல இருந்து பத்துப் பதினோரு கிலோமீட்டர்தான். ஆனா எங்க கேம்ப்ல பாதிப் பேர் அந்த ரோட்டுல ஒரு தடவைகூடப் போனதில்ல.

அவங்க தாத்தா ஃப்ரிட்ஜ்ல இருந்து ஒரு பாட்டில் எடுத்தார். ஊலிக்கன்ங்கிற சின்ன மீன்ல இருந்து எடுக்கிற நெய். நம்ம நெய் மாதிரியே உறைஞ்சிருந்தது. மீனைத் தொட்டியில போட்டு ஒரு வாரம் பத்து நாள் பதப்பட விட்டு, சுடுதண்ணியில மெதுவா காய்ச்சி, மேல மிதக்கிற எண்ணெயை வழிச்செடுப்பாங்களாம். இந்த நெய்க்காகவே மலை தாண்டி உள்நாடு வரைக்கும் வியாபாரப் பாதை ஓடியிருக்கு. ஒரு கரண்டி கொடுத்தார். எனக்குக் கருவாட்டு வாசனை பழக்கம், முகம் சுளிக்காம சாப்பிட்டேன். அவருக்கு அதுல ஒரே சந்தோஷம்.

"இந்த ஆத்துல பிடிச்சதா?"ன்னு கேட்டேன். இல்லையாம், நாஸ் ஆத்துப் பக்கத்துச் சொந்தக்காரங்க அனுப்பினதாம். கிட்டிமாட் ஆத்துல 1970களோட தொடக்கத்துலயே நிறுத்திட்டாங்க. ஆத்தோரத்துல காகிதக்கூழ் ஆலை வந்தப்புறம் மீன்ல வாடை ஏறி வாயில வைக்க முடியாமப் போச்சு. அப்புறம் கெமானோ ஆத்துக்குப் போய்ப் பிடிச்சிருக்காங்க, அங்கயும் பின்னாடி வரத்து குறைஞ்சு போச்சு. கூழ் ஆலையையே 2010ல மூடிட்டாங்க. ஆத்துக்கு மீன் பழையபடி திரும்பல.

பேரன் பக்கத்துலயே உக்காந்திருந்தான். நெய் காய்ச்சினதைக் கண்ணால பார்த்ததில்லைன்னான். தாத்தா கையாலயே காத்துல செஞ்சு காட்டினார், கரண்டியை எந்தச் சாய்வுல பிடிக்கணும்னு. அந்தக் கை இன்னும் என் கண்ணுலயே நிக்குது.

கரையோரன்

மழைக்காடு, படிவத்தைப் பத்தி நீங்க சொன்னது சரி. ஆனா இந்த மாதிரிப் பேச்சு எங்க ஆரம்பிச்சாலும் கடைசியில ஆலைக்காரன்தான் வில்லன் ஆயிடறான், அதை நான் ஒத்துக்க மாட்டேன்.

என் வீட்டுக்குப் பக்கத்துல ஒரு போர்ச்சுகீசியப் பெரியவர் இருந்தார். ஸ்மெல்ட்டரோட உலை வரிசையில (பாட்லைன்ல) முப்பது வருஷத்துக்கு மேல வேலை. 1954 ஆகஸ்ட்ல எடின்பரோ கோமகன் வந்து முதல் அலுமினியக் கட்டி வார்த்ததை எல்லாப் புத்தகத்துலயும் போட்டிருக்கான். அந்த உலைச் சூட்டுல நின்னவன் என்ன சாப்பிட்டான், ஊருக்கு என்ன கடிதம் எழுதினான்னு எங்க இருக்கு? அவர் இறந்ததும் பிள்ளைங்க வான்கூவர்ல இருந்து வந்து வீட்டைக் காலி பண்ணினாங்க. ஷிஃப்ட் டைரி, யூனியன் நோட்டீஸ், கல்யாணப் போட்டோ எல்லாம் மூணு அட்டைப்பெட்டியில. ஒண்ணை மட்டும் கேட்டு வாங்கிக்கிட்டேன். மத்தது குப்பை வண்டியில போச்சு.

கெமானோவை யாராவது நினைக்கிறாங்களா? ஸ்மெல்ட்டருக்குக் கரண்ட் கொடுக்க மலைக்குள்ள மின்நிலையம், பக்கத்துல பள்ளிக்கூடம், வீடுங்கன்னு முழு ஊரா இருந்த இடம். 2000ல ஊரை மூடி, வீடுகளைத் தீயணைப்பு வீரர்களோட பயிற்சிக்குக் கொளுத்தினாங்க. அங்க பிறந்த குழந்தைங்களுக்கு இன்னைக்குக் காட்ட ஒரு வாசப்படி கிடையாது. அவங்களும் இழந்தவங்கதான்.

வன்னியன் கனடா

கரையோரன் அண்ணை, அந்தப் பெரியவரின்ர பெட்டிக்காக எனக்கும் கவலைதான். ஆனா ரெண்டையும் ஒரே தராசில வைக்காதேங்கோ. கெமானோச் சனத்துக்கு முன்கூட்டியே சொல்லி, வேற இடம் போக வழியும் இருந்தது. அந்த மின்நிலையத்துக்குத் தண்ணி எங்கேருந்து வந்தது? நெச்சாக்கோ ஆத்தைக் கென்னி அணையால மறிச்சு, மலைக்குள்ளால பதினாறு கிலோமீட்டர் சுரங்கம் வெட்டித் திருப்பினவை. அதுக்காக 1952 ஏப்ரல்ல செஸ்லாட்டா எண்ட முதல் குடிச் சனத்தை எழுப்பினவை. சில நாள்தான் அவகாசம். பனி உருகிற நேரம், பாதையெல்லாம் சேறு. வீடுகளையும் பிறகு எரிச்சுப்போட்டினம்.

நான் பேர்ன்ஸ் லேக் பக்கம் வேலையா போய், ஃபிரான்சுவா ஏரியை ஃபெரிப் படகில கடக்கேக்க ஒரு செஸ்லாட்டா மனுசனோட கதைச்சன். என்ர அப்பா வயசு இருக்கும். எந்த நாடு எண்டு கேட்டார், இலங்கை எண்டன். இடம்பெயர்ந்து வந்தனியோ எண்டு கேட்டார், ஓம் எண்டன். கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்ல. பிறகு, "உங்கட கல்லறையள் இருக்கோ?" எண்டு கேட்டார்.

அவையின்ர சுடலைக்கு மேலால தண்ணியைத் திறந்து விட்டு, 1957ல சவப்பெட்டியள் ஏரியில மிதந்திருக்கு. எலும்பு கரையொதுங்கினது. சொல்லேக்க அவர் குரல் ஏறவே இல்லை. எங்கட ஊரில துயிலும் இல்லங்களை இடிச்சதை நான் அவருக்குச் சொன்னன். ஃபெரி கரை தட்டினதும் கையைப் பிடிச்சிட்டுத் தன்ர ட்ரக்கில ஏறிப் போட்டார். பேர்கூடக் கேக்கேல்ல.

கிட்டிமாட்டின்ர சரித்திரம் எழுதிற ஆக்கள் ஹைஸ்லாவோட நிப்பாட்டக் கூடாது. தண்ணி எங்கேருந்து வந்ததோ அங்க வரைக்கும் போகவேணும்.

நாடாப்பெட்டி

என் அனுபவம் சின்னது. ஹைஸ்லாப் பெரியவர்களை 1970களில் பேட்டி எடுத்த கேசட்டுகள் ஒரு வீட்டின் நிலவறையில் இருந்தன, பார்க்கக் கூப்பிட்டார்கள். மூடியைத் திறந்ததும் பூஞ்சை வாடை. ஒரு கேசட்டில் நீல மையில் "பாட்டி, மீன் குடில்" என்று எழுதியிருந்தது. நாடா ஒட்டிக்கொண்டு சுற்றவே மறுத்தது. உள்ளே ஒரு குரல் இருக்கிறது, கேட்க முடியவில்லை.

அதனால் மழைக்காட்டுக்கும் கரையோரனுக்கும் சொல்கிறேன். நாடாவை வீட்டு பிளேயரில் போட்டுச் சோதிக்காதீர்கள், அறுந்துவிடும். பூஞ்சை பிடித்ததைத் தனியே வையுங்கள், சேர்த்து வைத்தால் மற்றவற்றுக்கும் பரவும். முதலில் டிஜிட்டலாக மாற்ற வேண்டியவை நாடாக்கள்தான், காகிதம் காத்திருக்கும். நாடாவும் கெடுகிறது, அதை ஓட்டும் கருவியும் பழுதுபார்ப்பவரும் அருகிவிட்டார்கள். ஒலியை வேவ் கோப்பாக, 24 பிட்டில் வையுங்கள், எம்பி3 கேட்பதற்கு மட்டும். போட்டோவை ஓரத்தில் பிடியுங்கள், பின்புறம் எழுத மென்மையான பென்சில், பேனா வேண்டாம். ஒட்டும் பக்கமுள்ள ஆல்பங்களிலிருந்து படங்களைப் பிய்க்காமல், பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். பழைய நெகட்டிவில் வினிகர் வாடை வந்தால் அது அழியத் தொடங்கிவிட்டது, உடனே குளிரான உலர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். கரையோரன், உங்கள் பெட்டியில் டைரி எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசையில் விடுங்கள், அழகுக்காக அடுக்காதீர்கள்.

மழைக்காடு, உங்கள் போனில் இருப்பது உங்களுடையது அல்ல. முதல் குடிகளின் தகவல் யாருக்குச் சொந்தம், யார் கட்டுப்பாட்டில், யார் பார்க்கலாம், யார் கையில் இருக்கலாம் என்று ஓகேப் (OCAP) என்ற நெறிமுறையை அவர்களே 1998இல் வகுத்திருக்கிறார்கள். இணையத்தில் ஏற்றாதீர்கள், காப்பகத்திடமும் நேரே கொடுக்காதீர்கள். பாட்டியின் குடும்பத்திடம் போய், படிவத்தில் விட்டுப்போனதைப் படித்துக் காட்டுங்கள். எங்கே வைப்பது என்று அவர்கள் சொல்லட்டும்.

மழைக்காடு

போறேன். அவங்க பேத்தி நம்பர் இருக்கு.

தேவதாரு

நாடாப்பெட்டி எல்லாவற்றையும் காப்பாற்றச் சொல்கிறார். கிட்டிமாட் டவுன் மாலில் ஹைஸ்லா மக்களின் டோட்டம் தூண் (குலச்சின்னம் செதுக்கிய மரத்தூண்) கிடத்தி வைக்கப்பட்டிருந்த காலத்தில் நான் அங்கே போனேன். ஹைஸ்லா தலைவர் கிப்ஸ்கோலாக்ஸ் 1872இல் செதுக்க வைத்தது, அம்மையில் குடும்பத்தைப் பறிகொடுத்தபின். 1929இல் ஸ்வீடனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், ஹைஸ்லா மக்கள் கேட்டுக் கேட்டு 2006இல் திரும்பியது. நான் கண்ணாடி போடுவார்களா, ஏசி வைப்பார்களா என்று பக்கத்தில் நின்ற ஒரு ஹைஸ்லா அம்மாவிடம் கேட்டேன். "எங்கே நின்றதோ அங்கே போய் மக்கணும், அதுதான் அதன் வேலை" என்றார். சொன்னபடியே 2012இல் அது முதலில் நின்ற கிட்லோப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய்க் கிடத்திவிட்டார்கள்.

கரையோரன்

தேவதாரு, அந்தத் தூண் விஷயத்துல எனக்கு மனசு ஒப்பல. அவங்க முடிவு, மதிக்கிறேன். ஆனா அவ்வளவு போராடி மீட்டதை மழைக்குக் கொடுத்தது எனக்கு வலிக்குது.

வன்னியன், தண்ணி வந்த வழியைப் பத்தி நீங்க சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அந்த டைரியில 1957 பக்கங்கள் இருக்கு. அணையைப் பத்தி ஏதாவது எழுதியிருக்காரான்னு போர்ச்சுகீசியம் தெரிஞ்சவர் யாரையாவது வெச்சுப் படிக்கச் சொல்றேன்.