குமரிப் பேச்சை மறைத்துக்கொண்டு சென்னையில் வேலை பார்ப்பது சரிதானா?

கேள்வி: தக்கலைக்காரி

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் பிறந்து வளர்ந்த நான், ஆறு ஆண்டுகளாகச் சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு கூட்டம் முடியும்போது, "சாயங்காலம் நான் விளிக்கேன்" என்று சொன்னேன். எதிரில் இருந்தவர், "நீங்க மலையாளியா?" என்று கேட்டார். தமிழ்தான் என்றதும், அதையே இன்னொரு முறை சொல்லச் சொல்லிப் பக்கத்து மேசைக்காரர்களையும் கூப்பிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனாலும் அன்று முதல் "விளி" (அழை), "பைய" (மெதுவாக), "வெள்ளம்" (தண்ணீர்) என்று ஒவ்வொரு சொல்லாக விட்டுவிட்டேன். வாய் திறக்கும் முன் மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வதே வழக்கமாகி, நான் பேச நினைத்ததை அதற்குள் வேறொருவர் பேசி முடித்துவிடுகிறார்.

அம்மா அழைத்தால் நான்காம் மாடிப் படிக்கட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுவேன். சென்ற மாதம் அங்கேயும் அலுவலகத் தமிழே வந்துவிட்டது போலிருக்கிறது. அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மக்கா, ஏன் செய்தி வாசிக்க மாதிரி பேசுதே?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிழைக்க வந்த ஊரில் இப்படி மாறுவது இயல்புதானா, இல்லை நான் தவறு செய்கிறேனா?

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மேற்கு மாம்பலம்

அன்பு மகளே, நீங்கள் விட்டுவிட்ட சொற்களையே எடுத்துக்கொள்வோம். அழைக்கும் வேற்றுமைக்கு இலக்கணத்தில் விளி வேற்றுமை என்றுதான் பெயர். 1098ஆம் குறளில் "பசையினள் பைய நகும்" என்று வருகிறது. இவற்றைப் பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்களுக்கே, அதே சொல் ஒரு பெண்ணின் வாயில் இயல்பாக வரும்போது வேற்றுமொழியாகக் கேட்கிறது. கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைவதற்கு முன், அந்த இணைப்புக்காகப் போராடி 1954இல் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தவர்கள் உங்கள் ஊர்ப்பக்கத்து மக்கள். அவர்கள் வழிவந்த ஒருத்தியிடம் "மலையாளியா" என்று கேட்பது எவ்வளவு வலிக்கும் என்பது கேட்டவருக்குத் தெரிந்திருக்காது. தொல்காப்பியம் திசைச்சொல்லை, அதாவது வட்டாரச் சொல்லை, ஒதுக்கவில்லை. செய்யுளுக்கு உரிய நான்கு வகைச் சொற்களுள் ஒன்றாக வைத்தது. எழுத்துத் தமிழ் யாருடைய வீட்டுப் பேச்சும் அன்று, என்னுடையதும் அன்று.

பதில்: ராயபுரத்தில் பிறந்தவன்

ஐயா சொன்ன சான்றுகளை மதிக்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் இந்த ஊரிலேயே பிறந்தவன். என் பேச்சுக்கும் இங்கே மதிப்பில்லை. "இட்டுகினு வந்தேன்" என்று சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். திரைப்படத்தில் எங்கள் பேச்சை ரவுடிக்கும் சிரிப்புக் காட்சிக்கும் கொடுத்தே பழக்கிவிட்டார்கள். "கினு" என்பது "கொண்டு" தேய்ந்தது என்று நானும் சான்று காட்ட முடியும். நாஸ்டாவுக்கும் பேஜாருக்கும் என்ன காட்டுவது? அவை உருது பேசுபவர்களோடு ஒரே தெருவில் வாழ்ந்து எங்களுக்கு வந்த சொற்கள், குறளில் இல்லை. அதற்காக, காலையில் என் அம்மா "நாஸ்டா துன்னியா?" என்று கேட்பது மட்டமான பேச்சாகிவிடுமா? சகோதரி, உங்கள் சொல் பழைய நூலில் இருக்கிறது என்பதற்காக மட்டும் தலை நிமிராதீர்கள், உங்கள் அம்மா பேசுகிறார் என்பதே போதும். திரும்பச் சொல்லச் சொல்லி யாராவது கேட்டால் நான் சொல்வதில்லை. "எதற்காக?" என்று பொறுமையாகக் கேட்டுவிட்டு வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவேன். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

பதில்: கோபிக்காரர், வேளச்சேரி

என் கொங்குப் பேச்சை யாரும் இழிவாகச் சொன்னதில்லை. மரியாதையான தமிழ் என்று பாராட்டுவார்கள், கூடவே "கொஞ்சம் பேசிக் காட்டுங்க" என்பார்கள். எனக்கு அதுவும் பிடிக்காமல்தான் வீட்டிலும் சென்னைத் தமிழே பேசிவந்தேன். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது என் தாயார் பேரனிடம், "கண்ணு, அக்கட்டால தள்ளி உக்காரு" என்றார். பன்னிரண்டு வயதுப் பையன், பொருள் புரியாமல் என் முகத்தைப் பார்த்தான். அம்மாவும் என்னைத்தான் பார்த்தார். அலுவலகத்தில் எப்படி வேண்டுமானாலும் பேசுங்கள் அம்மா, வீட்டுப் பேச்சை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தக்கலைக்காரி

மூவருக்கும் நன்றி. நாஸ்டாவைப் பற்றி எழுதிய அண்ணன் சொன்னதை இரண்டு முறை படித்தேன். நானும் இந்த ஊர்ப் பேச்சைக் கேட்டு ஒருகாலத்தில் சிரித்திருக்கிறேன், மன்னியுங்கள். கூட்டத்தில் என் பேச்சு இன்னும் வரவில்லை. நேற்று அம்மா அழைத்தபோது மட்டும் இருக்கையை விட்டு எழவில்லை. ஊரில் மழை என்றார். "படி நனஞ்சு கிடக்கும், பைய எறங்கும்மா" என்றேன். பக்கத்தில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார், நான் பேசிக்கொண்டே இருந்தேன்.