மறு: ‘டம்ப் ஸ்டேஷன்’, ‘கிரே வாட்டர்’: தங்கூர்திச் சொற்கள்

வணக்கம்.

விக்சனரி என்னும் இணைய அகராதிக்காக, அமெரிக்காவில் இருக்கும் நாம் தேடிவரும் சொற்களில், ஆர்வி (படுக்கை, சமையல், கழிவறை எல்லாம் உள்ள பயண வண்டி) என்பதற்குத் ‘தங்கூர்தி’ என்று ஒருவழியாக முடிவாகிவிட்டது. ‘பொழுதுபோக்கு ஊர்தி’ தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. கேளிக்கை வரி கட்டவேண்டிய வண்டி மாதிரி ஒலித்தது அது. ‘கேரவன்’ வேண்டாம் என்றதும் சரிதான். ஊரில் அது படப்பிடிப்பில் நடிகர் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் வண்டி.

இனி மற்ற சொற்கள். நம் குழுவில் முன்மொழிந்தவை:

> ஹூக்கப் – கொக்கியிணைப்பு
> பிளாக் வாட்டர் – கருநீர்
> கிரே வாட்டர் – சாம்பல்நீர்
> டம்ப் ஸ்டேஷன் – கழிவு அகற்றல் நிலையம்

‘ஹூக்கப்’ என்பது நிறுத்துமிடத்தில் வண்டிக்குத் தரும் இணைப்பு; அதிலிருந்து கொக்கியை முதலில் கழற்றிவிடுவோம். கொக்கி போடுவது என்றால் நம் ஊரில் ஈபி கம்பியிலிருந்து திருட்டுக் கரண்ட் எடுப்பது. வாடகை கட்டி, முன்பதிவு செய்து, முறையாகப் பிளக் சொருகுகிறவருக்கு ஏன் அந்தப் பழி? ‘இணைப்பு’ போதும். மின்னிணைப்பு, நீரிணைப்பு, கழிவிணைப்பு மூன்றும் உள்ளது ‘மூவிணைப்பு இடம்’. ‘மும்முனை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். படிப்பவர் த்ரீ ஃபேஸ் என்று நினைத்துக்கொள்வார். இங்கே கிடைப்பது 30 ஆம்பியர் என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட். 50 ஆம்பியர் என்றால் இரண்டு 120 வோல்ட் கம்பிகளாக வந்து மொத்தம் 12,000 வாட். 30 ஆம்பியர் இடத்தில் ஏசி ஓடும்போது மைக்ரோவேவையும் வாட்டர் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும்.

‘சாம்பல்நீர்’ எனக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. இங்கே முகாமிடங்களில் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் இரும்பு நெருப்பு வளையம் உண்டு. இரவு படுக்கப் போகும் முன் அதில் வாளித் தண்ணீரைக் கொட்டி அணைப்போமே, அப்போது கிடைப்பதுதான் சாம்பல்நீர். பாத்திரம் கழுவியதும் குளித்ததும் தொட்டியில் சேர்வதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: கழுநீர். கழுநீர்ப்பானை என்று பாட்டி வீட்டில் கேட்டிருப்பீர்கள். கழிவறைத் தொட்டியில் இருப்பது மலநீர். ‘கருநீர்’ என்பது ஆங்கிலேயர் கூச்சப்பட்டு வைத்த பெயரின் நிழல். அவர்கள் கூச்சம் நமக்கெதற்கு?

இது வெறும் சொல்லழகு விவகாரம் இல்லை. விஸ்கான்சின் மாநிலப் பூங்காக்களில் பொதுவாக மின்னிணைப்பு இடம்தான் உச்சம், கழிவிணைப்பு கிடையாது. டோர் கவுண்டியில் பெனின்சுலா பூங்காவில் ஏரிக்கரையோரம் தங்கினாலும் அப்படித்தான். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலி செய்யும் நேரத்தில் எல்லா வண்டியும் வாசல் பக்கம் ஒரே இடத்தில் வரிசைகட்டும். அங்கே இருப்பது சரிவாகப் போட்ட சிமெண்டு மேடை, நடுவில் மூடிபோட்ட ஒரு துளை, பக்கத்தில் ‘குடிக்க உதவாது’ என்று எழுதிய ஒரு குழாய். ஆகவே ‘இறக்குமேடை’. நிலையம் என்றால் ஆள் உட்கார்ந்து ரசீது கிழிக்கும் இடம் என்று தோன்றும்.

மேடையில் வேலை இப்படி நடக்கும்: கையுறை மாட்டு. மூன்று அங்குலக் குழாயின் ஒரு முனையை வண்டியிலும் மறுமுனையைத் துளையிலும் பூட்டு. முதலில் மலநீர்ப் பிடியை (அந்தத் தொட்டியின் அடைப்பைத் திறப்பது) இழு. முழங்கை வளைவில் கண்ணாடி போன்ற துண்டு இருந்தால், ஓடி முடிவது தெரியும். பிறகுதான் கழுநீர்ப் பிடி. சோப்பு நுரையோடு வரும் அந்தத் தண்ணீர் குழாயை உள்ளே அலசிவிடும். மாற்றிச் செய்தால் அந்தக் குழாயை அலச உங்கள் கைதான். ‘கழுநீர் கழுவும்’ என்று பெயரே வரிசையைச் சொல்லிக்கொடுக்கிறது. சாம்பல் சொல்லுமா?

க., மேடிசன்

———

அனைவருக்கும் வணக்கம். கழுநீருக்கு என்ரை ஆதரவு. ஆனா எல்லாரும் ‘முகாம்’, ‘முகாமிடம்’ எண்டு எழுதிக்கொண்டு போறியள், அதைக் கொஞ்சம் நிப்பாட்டுங்கோ. எங்கட சனத்துக்கு முகாம் எண்டால் ஒண்டில் ஆமி இருக்கிற இடம், இல்லாட்டி அகதிகள் இருக்கிற இடம். பிள்ளையளோட லடிங்டன் பூங்காவுக்குப் போகேக்கை, ‘முகாமுக்குப் போறம்’ எண்டு அம்மம்மாவுக்கு ஃபோனிலை சொல்ல என்னால ஏலாது. ஒரு பக்கம் மிச்சிகன் ஏரி, மற்றப் பக்கம் ஹாம்லின் ஏரி, நடுவிலை மணல்மேடும் காடும் இருக்கிற இடத்துக்கு அந்தப் பேர் வேண்டாம். ‘தங்கல்’ எண்டு வைப்பம். கேம்ப்கிரவுண்ட் – தங்கல் திடல். ஒரு இணைப்பும் இல்லாமல் காட்டுக்குள்ள நிக்கிறது – வெறுந்தங்கல்.

சி., மிச்சிகன்

———

கழுநீரில் எனக்கு ஒரு நெருடல். அது அரிசி களைந்த தண்ணீர், மாட்டுக்கு வைப்பது. ஷாம்பூ நுரையை எந்த மாடு குடிக்கும்? ‘புழங்குநீர்’ என்று வைத்தால் என்ன?

இன்னொன்று. வண்டியைச் சாயாமல் நிறுத்தும் லெவலிங் என்பதற்குக் ‘கிடைமட்டமாக்கல்’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். ஊரில் கொத்தனார் ரசமட்டம் வைத்து ‘மட்டம் பார்க்கிறார்’. நாமும் மட்டம் பார்ப்போம். தங்கூர்தியில் இருக்கும், அமோனியாவில் ஓடும் கேஸ் ஃபிரிட்ஜில் பம்ப் எதுவும் இல்லை; திரவம் தன் எடையில்தான் வழிந்து இறங்கவேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் அது ஓரிடத்தில் தேங்கி, ஃபிரிட்ஜ் குளிராது, நாளடைவில் கெட்டும்போகும். வீல் சாக் என்பதற்கு ‘முட்டுக்கட்டை’ இருக்கவே இருக்கிறது. மேடையில் பேசுகிறவர்களிடமிருந்து அந்தச் சொல்லை மீட்டு, சக்கரத்தடியில் வைக்கலாம். டிரெய்லரைக் காரிலிருந்து கழற்றும் முன் வைக்கவேண்டும், கழற்றிய பின் அல்ல.

‘ஃபிஃப்த் வீல்’ என்கிற டிரெய்லர் வகைக்கு ‘ஐந்தாம் சக்கரம்’ மட்டும் வேண்டாம். எல்கார்ட் பக்கம் குடியிருப்பவன் நான். தங்கூர்தி கட்டும் தொழிலுக்கே தலைநகர் இது. ‘ஃபிஃப்த் வீல்’ என்பது குதிரை வண்டியின் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கைவாட்டில் வைத்த வளையத்தின் பெயர். தமிழில் படிப்பவர் குனிந்து சக்கரம் எண்ணுவார். பிக்கப் லாரியின் முதுகில் ஏறி உட்காரும் வண்டி என்பதால் ‘முதுகேறி’.

த., இந்தியானா

———

‘தங்கல்’ ஏற்கிறேன். திருத்தங்கல்காரர்கள் கோபிக்கமாட்டார்கள் என்று நம்புவோம். மட்டம், முட்டுக்கட்டை இரண்டுக்கும் மறுபேச்சே இல்லை.

‘புழங்குநீர்’ ஆகாது, ஐயா. ‘குடிக்க இந்தக் குடம், புழங்க அந்தக் குடம்’ என்கிற வீட்டில் அது இனிமேல் செலவாகப்போகும் தண்ணீர். நாம் பெயர் தேடுவது செலவாகிப்போன தண்ணீருக்கு. இரண்டும் கலந்தால் வம்பு: தங்கூர்தியில் நல்ல தண்ணீருக்கும் தனித் தொட்டி உண்டு, புதிதாக வருகிறவர் எந்தத் துளையில் குழாயைச் சொருகுவார்? கழுநீர் அரிசியிலிருந்து வந்தது உண்மைதான். கழுவியபின் மிஞ்சும் நீர் என்ற பொருள் மாறவில்லையே. மாடு இல்லாத ஊரில் சொல்லாவது இருக்கட்டும். மாடு குடிக்காது என்பதால் தரையில் ஊற்றலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பூங்காக்களில் கழுநீரையும் இறக்குமேடையில்தான் விடவேண்டும்.

‘கழிவிணைப்பு’ பதிவில் ஒரு குறிப்பு சேர்க்க விரும்புகிறேன். மூவிணைப்பு இடம் கிடைத்துவிட்டது என்று மலநீர்ப் பிடியை நாள்முழுக்கத் திறந்து வைத்தால் தண்ணீர் ஓடிவிடும், கெட்டியானது உள்ளேயே குவிந்து இறுகிவிடும். மூடியே வைத்திருந்து, தொட்டி முக்கால்வாசி நிறைந்தபின் ஒரே இழுப்பில் விடவேண்டும்.

‘முதுகேறி’ எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் வேதாளம் ஞாபகம் வருகிறதே! அதற்குத் தனி இழை தொடங்குங்கள். மற்றவற்றுக்கு வெள்ளிக்கிழமைக்குள் எதிர்ப்பு வராவிட்டால் விக்சனரியில் ஏற்றிவிடுகிறேன்.

க.