பாட்டியின் கையில் இரண்டு வெள்ளி

சிங்கப்பூரின் தோ பாயோவிலிருந்து ஒருவர்:

ஓய்வு நேரத்தில் மேஜிக் செய்பவன் நான். சென்ற தீபாவளிக்கு முந்திய வாரம் ஒரு முதியோர் இல்லத்தில் அரை மணி நேர நிகழ்ச்சி. அதற்காக ஒரு சீட்டு வித்தையை ஆறு மாதம் பழகியிருந்தேன். ஒற்றைக் கையால் கட்டைப் பிரிக்க வேண்டும். பார்ப்பவர் கண் முன்னே சீட்டு இடம் மாற வேண்டும். குளியலறைக் கண்ணாடியை நான் விடாததால், காலையில் வீட்டார் வரிசையில் நின்றதுதான் மிச்சம்.

அன்று வித்தை பிசிறில்லாமல் வந்தது. முன்வரிசைப் பாட்டி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இது ஏழா, ஒன்பதா தம்பி?" என்று கேட்டார். மற்றவர்கள் மரியாதைக்குக் கைதட்டினார்கள்.

நேரம் மிஞ்சியதால், ஒரு வெள்ளி (டாலர்) நாணயத்தை அதே பாட்டியின் உள்ளங்கையில் வைத்து மூடச் சொன்னேன். விரல் கணுக்கள் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிக்கொண்டார். ஊதச் சொன்னேன். திறந்தால் இரண்டு நாணயங்கள். பள்ளிப் பிள்ளை பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளும் வித்தை இது. வித்தைக்காரர்கள் கூடும் இடத்தில் செய்தால் கொட்டாவி விடுவார்கள். பாட்டி நாணயங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டென்று கையை மறுபடி மூடிக்கொண்டார். "இன்னொரு தடவை ஊதட்டுமா?" சக்கர நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த தாத்தாவைப் பக்கத்திலிருந்தவர் தட்டி எழுப்பினார். கூடம் முழுக்க ஒவ்வொரு கையாக நீண்டது.

என் இரண்டு வெள்ளி திரும்பி வரவில்லை. வித்தையின் கடினத்தை வைத்து மதிப்பெண் போடும் பழக்கமும் அன்றோடு போயிற்று.

ஈசூனிலிருந்து ஒருவர்:

படித்ததும் எனக்கு இந்திய மேஜிக் கலைஞர் பி. சி. சொர்க்கார் நினைவுதான் வந்தது. 1956 ஏப்ரலில் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் ஒரு பெண்ணை ரம்பத்தால் இரண்டாக அறுத்துக் காட்டினார். பழைய சரக்குதான்; ஆங்கிலேய வித்தைக்காரர் பி. டி. செல்பிட் 1921இலேயே லண்டன் மேடையில் பெட்டிக்குள் வைத்து அறுத்துவிட்டார். ஆனால் சொர்க்கார் எழுப்பியபோது அந்தப் பெண் அசையவில்லை. அந்த நேரம் பார்த்துத் தொகுப்பாளர் குறுக்கே வந்து நிகழ்ச்சியை முடித்துவிட்டார். பெண் செத்தேபோனாள் என்று பதறிய நேயர்கள் பிபிசியின் தொலைபேசிகளை ஓயவிடவில்லை. ரம்பத்தின் சூட்சுமம் என்னவாக இருந்தால் என்ன, நிறுத்திய இடத்தில் அல்லவா வித்தை இருக்கிறது!

என் அனுபவம் சிறியது. மகளின் பிறந்தநாளுக்குப் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் மேஜிக் வைத்தோம். "சட்டைக் கைக்குள் இருக்கிறது!" என்று ஒரு பையன் கத்தினான். அவன் சொன்னது சரிதான். மற்ற குழந்தைகள் முறைத்தது என்னவோ அவனைத்தான்.

ஜூரோங்கிலிருந்து ஒருவர்:

இருவரும் சூட்சுமத்தை அநியாயத்துக்கு மட்டம் தட்டுகிறீர்கள். ஒரு சமூக மன்ற மேடையில் நான் விரலிடுக்கில் மறைத்த பந்து நழுவி, டக் டக்கென்று குதித்துக்கொண்டு கீழே ஓடியது. பழகியது போதவில்லை. முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் அதை எடுத்து, துடைத்து, என்னிடமே பத்திரமாக நீட்டினார். சிரிக்கவும் இல்லை, அதுதான் இன்னும் கொடுமை. செப்பிடுவித்தைக்காரர்கள் தெருவில் உட்கார்ந்து, சுற்றிலும் ஆட்கள் குனிந்து பார்க்கப் பார்க்கச் செய்தார்கள். கை சுத்தமில்லாமல் அந்தப் பிழைப்பு ஒரு நாளாவது ஓடியிருக்குமா?

தோ பாயோவிலிருந்து:

ஒப்புக்கொள்கிறேன். பந்து விழாமல் இருக்கப் பழகத்தான் வேண்டும். பழகிய கணக்கைப் பார்ப்பவரிடம் நீட்டிக் கைதட்டல் கேட்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

விட்டுப்போன செய்தி ஒன்று. பொங்கலுக்கு மறுபடி அந்த இல்லத்துக்குப் போனேன். பாட்டி அந்த நாணயங்களைச் செலவழிக்காமல், கைக்குட்டையில் முடிந்து தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். பார்க்க வந்திருந்த பேரனிடம் அன்றைய கதையை அவர் சொல்லிக்கொண்டிருக்க, நான் பின்னால் நின்று கேட்டேன். அந்தக் கதையில் நான் அவர் கையைத் தொடவே இல்லை; வாசலில் நின்றபடியே ஊதச் சொன்னேனாம். நாணயமும் நான்காகியிருந்தது.