நூலகப் புத்தகம் தொலைந்தால் எவ்வளவு கட்ட வேண்டிவரும்? உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

தாமத அபராதம் பற்றி நாம் எல்லோருமே புலம்பியிருப்போம். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கவுண்டர் பக்கத்திலேயே ஒட்டியிருப்பார்கள், நாமும் பார்த்துக்கொண்டே கடந்து போவோம். உண்மையில் அந்தத் தொகை பெரிய விஷயமே இல்லை. புத்தகமே காணாமல் போனால் என்ன கணக்குப் போடுகிறார்கள் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. தெரியவரும்போது சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டு, நூலகத்தில் பாக்கி இல்லை என்ற கையெழுத்துக்காக வரிசையில் நின்றுகொண்டிருப்போம். அதனால் கேட்கிறேன், அவரவர் அனுபவத்தை எழுதுங்கள். முதலில் என்னுடையது.

நான் வகுப்பில் இருந்த நேரத்தில் என் மேசையிலிருந்த புள்ளியியல் புத்தகத்தை அறைத்தோழன் எடுத்துக்கொண்டு ரயிலேறிவிட்டான். அவன் இறங்கினான், புத்தகம் இறங்கவில்லை. நூலக அட்டை என் பெயரில், அதனால் பொறுப்பும் என் தலையில். இதில் நூலகத்தோடு வாதாடிப் பயனில்லை, யார் அட்டையில் போனதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவன் எனக்குப் பணம் தருவது எங்கள் இருவருக்குள் இருக்கிற விவகாரம் (தந்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு).

பில்லில் மூன்று வரி இருந்தது. புத்தகத்தின் விலை, 'செயல்முறைக் கட்டணம்' என்று ஒன்று, தொலைந்தது என்று நான் சொன்ன நாள் வரைக்கும் தாமத அபராதம். அபராதம் சில்லறைக் காசு. விலையைப் பார்த்துதான் திகைத்தேன், ஏனென்றால் அது மூலைகள் மழுங்கி, பாதிப் பக்கத்தில் யாரோ பென்சிலால் கோடு போட்ட பழைய பிரதி. 'இதை நீங்கள் வாங்கும்போது இந்த விலையா இருந்தது?' என்று கேட்டேன். அவர்கள் அன்று கொடுத்த விலை கணக்கில் வராதாம், இன்று அதே புத்தகத்தை மறுபடி வாங்க எவ்வளவு ஆகுமோ அதுதான் விலை. அதுவும் கெட்டி அட்டைப் பதிப்பின் விலை.

சரி, அந்த இரண்டாவது வரி என்ன என்று கேட்டதற்கு, கவுண்டரில் இருந்தவர் பக்கத்தில் கிடந்த ஒரு புத்தகத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். முதுகில் எண் எழுதிய சீட்டு, அட்டையின் உட்புறம் பார்கோடு, அப்புறம் நடுவில் இரண்டு பக்கத்தைப் பிரித்துத் தையல் ஓரத்தில் நகத்தால் தடவிக் காட்டினார், நூல் போல ஒரு காந்தப் பட்டை ஒட்டியிருந்தது. வாசலில் அலாரம் அடிப்பது அதனால்தான். ஆர்டர் போடுவதிலிருந்து கணினியில் ஏற்றி இதையெல்லாம் ஒட்டி அலமாரிக்கு அனுப்புகிற வேலைக்குத்தான் அந்தக் கட்டணம். அவர் சொன்ன விதத்தில் எனக்குக் கோபம் பாதி போய்விட்டது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

* * *

எனக்கு நடந்தது வேறு மாதிரி. திருப்பிக் கொடுத்த புத்தகத்துக்கே பில் வந்தது.

நூலகம் பூட்டிய பிறகு வெளியே இருக்கிற டிராப் பாக்ஸில் போட்டுவிட்டு வந்தேன். இரண்டு நினைவூட்டல் மின்னஞ்சல் வந்தது, ஏதோ தாமதமாகப் பதிவு செய்கிறார்கள் என்று விட்டுவிட்டேன், மூன்றாவதில் 'தொலைந்ததாகக் கருதப்படுகிறது' என்று மாற்று விலையோடு வந்தது. போய்க் கேட்டால், கணினியில் என் பெயரில்தான் இருக்கிறது, எங்களிடம் வரவில்லை என்கிறார்கள். டிராப் பாக்ஸ் ரசீதா கொடுக்கும்?

அங்கிருந்த ஒரு பெண்மணி நல்லவர். 'திருப்பியாகிவிட்டது என்று வாசகர் சொல்கிறார்' என்று கணக்கில் குறித்து வைக்க ஒரு வழி இருக்கிறதாம், அப்படிக் குறித்துவிட்டால் அவர்கள் அலமாரியில் தேடி முடிக்கும்வரை அபராதம் ஏறாது. இதை யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

நானே மேலே போய்த் தேடினேன். என் புத்தகம் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் என்ற கணிதப் பாடம், டியூயி எண் (பாடவாரியாக அடுக்க முதுகில் ஒட்டுகிற எண்) 515.353. அதற்குரிய இடத்தில் இல்லை. வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டே போனால், 515.9 புத்தகங்கள் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது. அடுக்கியவருக்கு 353 என்பது 9ஐ விடப் பெரிய எண்ணாகத் தெரிந்திருக்கிறது, தசமப் புள்ளிக்குப் பிறகு வருகிறது என்பதை மறந்துவிட்டார். ஸ்கேன் செய்யாமலே அலமாரிக்கு எடுத்துப் போய், அங்கேயும் தப்பான இடத்தில் வைத்திருக்கிறார்கள். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கீழே வந்து கவுண்டரில் வைத்தேன். பில்லை ரத்து செய்தார்கள். மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை.

உங்கள் புத்தகம் 'வரவில்லை' என்றால் முதலில் அதன் எண்ணுக்கு முன்னும் பின்னும் ஒரு முழு அலமாரி பார்த்துவிடுங்கள். பாதிப் புத்தகங்கள் அங்கேதான் இருக்கும் என்பது என் எண்ணம்.

* * *

நான் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் இரவல் பிரிவில் வேலை பார்க்கிறேன். மேலே எழுதிய தம்பிக்கும் தங்கைக்கும் நடந்தது இரண்டுமே நாங்கள் அடிக்கடி பார்ப்பதுதான். எங்கள் பக்கத்திலிருந்தும் சிலது சொல்கிறேன்.

கெடு முடிந்து குறிப்பிட்ட நாள் ஆனதும் மென்பொருள் தானாகவே புத்தகத்தைத் 'தொலைந்தது' நிலைக்கு மாற்றிவிடும். அது யாரும் உட்கார்ந்து உங்கள் மேல் எடுத்த முடிவு இல்லை. அந்த நேரத்தில் பதிவில் விலை இருந்தால் அதை எடுக்கும், விலையே இல்லாத பழைய புத்தகமென்றால் எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்திருக்கிற ஒரு தொகையைப் போடும். அந்தப் பொதுத் தொகை பல சமயம் மெல்லிய சிறு நூலுக்கு அநியாயத்துக்கு அதிகமாக இருக்கும். அப்படி வந்தால் விலையை மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கேளுங்கள், புத்தகத்தின் இன்றைய விலையைக் காட்டுங்கள். கேட்டவர்களுக்கு நான் குறைத்துக் கொடுத்திருக்கிறேன்.

பணம் கட்டிய பிறகு புத்தகம் கிடைத்தால்? பல நூலகங்களில் ஒரு கால வரம்புக்குள் கொண்டுவந்தால் விலையைத் திருப்பித் தருவார்கள், செயல்முறைக் கட்டணம் திரும்பாது. ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

அபராதப் பணத்தில் நாங்கள் புத்தகம் வாங்கிக் குவிக்கிறோம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. பல இடங்களில் அது பல்கலைக்கழகத்தின் பொதுக் கணக்குக்குப் போய்விடும், நூலகம் கண்ணால்கூடப் பார்க்காது.

தாமத அபராதம் தேவையா என்று கேட்டால், என் பதில் வேண்டாம் என்பதுதான். 2019 ஜனவரியில் அமெரிக்க நூலகச் சங்கம், பண அபராதம் சமூக ஏற்றத்தாழ்வின் ஒரு வடிவம் என்றே தீர்மானம் போட்டது. அதே ஆண்டில் ஹார்வர்ட் பல்கலைக்கழக நூலகமும் சாதாரண இரவலுக்கான தாமத அபராதத்தை எடுத்தது. அபராதம் போட்டால்தான் ஒழுங்கு வரும் என்பவர்களுக்கு நான் சொல்வது இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஓர் ஆய்வை. 2000இல் வெளிவந்தது. பிள்ளையைக் கூப்பிட லேட்டாக வரும் பெற்றோருக்கு அபராதம் என்று அறிவித்ததும் லேட்டாக வருகிறவர்கள் குறையவில்லை, ஏறக்குறைய இரட்டிப்பானார்கள், அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்கு வரவில்லை. காசு கொடுத்துவிட்டால் தாமதிக்கலாம் என்று ஆகிவிட்டது. எங்கள் கவுண்டரிலும் அதே கதைதான், 'எவ்வளவு ஆகிறது சொல்லுங்கள், கட்டிவிடுகிறேன்' என்று தேர்வு முடியும்வரை புத்தகத்தைத் தராதவர்கள் உண்டு. அவர்களுக்குப் பின்னால் அதே புத்தகத்துக்குப் பெயர் கொடுத்துக் காத்திருக்கிற நாலு பேருக்கு அந்தக் காசால் என்ன லாபம்? அதனால்தான் அபராதத்தை எடுத்த இடங்களிலும், வேறொருவர் கேட்டுத் திரும்ப அழைத்த புத்தகம், சில மணி நேரத்துக்கு மட்டும் தருகிற பாடப்புத்தகம் இவற்றில் கடுமை காட்டுகிறார்கள். அது சரிதான். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்காக 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. காத்திருக்கிறவரும் வாசகர்தானே.

நனைந்த புத்தகம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நல்லது செய்வதாக நினைத்துக் கெடுத்துவிடுகிறார்கள். வெயிலில் விரிக்காதீர்கள், ஹேர் டிரையர் பிடிக்காதீர்கள், அட்டை வளைந்து பக்கம் அலை அலையாகிவிடும். லேசான ஈரம் என்றால் பக்கங்களுக்கு நடுவே உறிஞ்சு தாள் வைத்து மாற்றிக்கொண்டே இருங்கள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை, வெள்ளத்தில் மாட்டிய நூலகங்களே இதைத்தான் செய்கின்றன. 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும், உறைந்திருந்தால் பிடிக்காது. வழவழப்பான படத்தாள் புத்தகமென்றால் இன்னும் அவசரம், காய்ந்தால் பக்கங்கள் ஒட்டி ஒரே கட்டையாகிவிடும். அப்படியே எங்களிடம் கொண்டுவாருங்கள். கிழிந்த பக்கத்துக்கு செல்லோடேப் ஒட்டாமல் இருந்தால் அதுவே பெரிய உபகாரம்.

* * *

அக்கா சொன்ன விலைக் கணக்கெல்லாம் சொந்த நூலகத்துப் புத்தகத்துக்கு. வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்களே, நூலகங்களுக்கிடையே இரவல், அதில் மாட்டினால் வேறு உலகம்.

என் ஆய்வுக்காக அப்படி வந்த ஒரு தொகுதி, நாலு தொகுதி கொண்ட வரிசையில் மூன்றாவது. வீட்டில் மேல் தளத்துக் குழாய் உடைந்து அலமாரி முழுக்க நனைந்தது, அதில் இதுவும் போயிற்று. புத்தகம் யாருடையதோ அவர்கள் வைத்ததுதான் விலை, எங்கள் நூலகத்தால் குறைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்களோ நாலு தொகுதிக்கும் சேர்த்து விலை கேட்டார்கள், பதிப்பகம் தனித் தொகுதியாக விற்பதில்லை என்ற காரணத்தால். அச்சிலும் இல்லை.

நான் பணம் கட்டிவிட்டு உட்காரவில்லை. பழைய புத்தகக் கடைகளில் தேடி, அதே பதிப்பில் மூன்றாவது தொகுதி மட்டும் தனியாக ஒருவரிடம் கிடைத்தது, கேட்ட தொகையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. வாங்குவதற்கு முன்னால் அட்டை, முதுகு, பதிப்பு விவரப் பக்கம் எல்லாவற்றின் படத்தையும் அனுப்பி, இதை ஏற்றுக்கொள்வீர்களா என்று எழுதிக் கேட்டேன். ஏற்றார்கள், செயல்முறைக் கட்டணம் மட்டும் வாங்கினார்கள். படத்தை அனுப்பாமல் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியும், என் நண்பர் ஒருவர் அப்படி வாங்கியது வேறு நூலகம் கழித்துக்கட்டிய பிரதி, உள்ளே அந்த முத்திரை இருந்ததால் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

* * *

பெரிய சோகமாகப் போகிறது, கொஞ்சம் ஆறுதலுக்கு. கேம்பிரிட்ஜில் சிட்னி சசெக்ஸ் கல்லூரியிலிருந்து 1667-68 வாக்கில் ராபர்ட் வால்போல் என்ற கர்னல் (பிரிட்டனின் முதல் பிரதமருடைய அப்பா) எடுத்துப்போன புத்தகம் 288 ஆண்டு கழித்து ஒரு பேராசிரியர் கண்ணில் பட்டுத் திரும்பி வந்தது. அபராதம் கேட்கவில்லை. சின்சினாட்டி பல்கலைக்கழக மருத்துவ நூலகத்தில் 1823இல் எடுத்ததை, எடுத்தவரின் கொள்ளுப்பேரன் 1968இல் கொண்டுவந்து கொடுத்தார். 2,264 டாலர் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளுபடி செய்தார்கள்.

இன்னொன்று, ஹார்வர்டில் 1764 ஜனவரியில் நூலகம் எரிந்தபோது, ஜான் ஹார்வர்ட் கொடுத்துப்போன சுமார் 400 புத்தகங்களில் தப்பியது ஒன்றே ஒன்று. ஏன் தப்பியது? இரவலில் வெளியே போயிருந்தது. அதை எடுத்துவந்து கொடுத்த மாணவனுக்கு நன்றி சொல்லிவிட்டுக் கல்லூரியை விட்டு அனுப்பினார்கள் என்று ஒரு கதையும் உலவுகிறது, அது வெறும் கதைதான், ஆனால் நூலக விதிகளைப் பார்த்தவர்கள் நம்பிவிடுவார்கள்.

* * *

பேராசிரியர்கள் பற்றி யாரும் எழுதவில்லையே! எங்கள் துறையில் ஒருவர் மூன்று மாடி ஏறிப் போய் எடுத்த புத்தகங்களைத் தன் அறையில் அடுக்கி வைத்திருக்கிறார், ஆசிரியர்களுக்கு அபராதமே கிடையாது, நாங்கள் கேட்டால் 'என் அறையில் வந்து படி' என்கிறார். திரும்ப அழைப்பு போட்டால் நமக்குத்தான் சங்கடம், அவர்தான் நெறியாளர். இதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.

* * *

திரும்ப அழைப்பில் யார் கேட்டார்கள் என்ற பெயர் போகாது, தைரியமாகப் போடுங்கள் என்று எங்கள் நூலகத்தில் சொன்னார்கள். உங்கள் நூலகத்திலும் அப்படித்தானா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு கேள்வி. தொலைந்தது ஐந்தாம் பதிப்பு, கடையில் கிடைப்பது ஏழாம் பதிப்பு. இதை வாங்கிக் கொடுத்தால் ஏற்பார்களா? அக்கா, நீங்கள் இருந்தால் சொல்லுங்கள்.

* * *

பாடப்புத்தகம் என்றால் புதிய பதிப்பைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்வோம். இலக்கியம், வரலாறு, மொழிபெயர்ப்பு போன்றவற்றில் பழைய பதிப்பேதான் வேண்டும் என்று துறையிலிருந்து கேட்பார்கள், அங்கே இழுபறி ஆகும். ஐஎஸ்பிஎன் எண்ணை (ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாக இருக்கிற எண்) எழுதி எடுத்துப்போய், வாங்குவதற்கு முன்னால் மின்னஞ்சலில் பதில் வாங்கிவிடுங்கள், வாயால் சொன்னதை நம்பாதீர்கள், அடுத்த வாரம் கவுண்டரில் வேறு ஆள் இருப்பார். அப்புறம், முதல் வேலையாகத் தொலைந்துவிட்டது என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். சொன்ன நாளோடு தாமத அபராதம் நின்றுவிடும், புதுப் பிரதி எப்போது வந்தாலும் பரவாயில்லை.