ஸ்டீம் அட்டைப்படம்: டிராகனா, முகமா?

வணக்கம் நண்பர்களே. நானும் தம்பியும் செய்துவரும் ஃபேன்டஸி விளையாட்டின் அட்டைப்படத்துக்கு யோசனை வேண்டும். பெரிதாகப் பார்த்தால் மலைக்கோட்டை, டிராகன், தீப்பந்தம் ஏந்திய சூனியக்காரி எல்லாம் அழகுதான். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையின் தேடல் பட்டியலுக்குச் சுருக்கினால் டிராகன் வெறும் கருந்திட்டு. தங்க நிறத் தலைப்பு தீயோடு கலந்துவிடுகிறது. 2022 முதல் ஸ்டீம் விதிப்படி, விளையாட்டின் பெயர், துணைத்தலைப்பு தவிர விருது, விமர்சன வரி எதுவும் அட்டையில் போடக்கூடாது என்பதால் ஓவியமும் எழுத்துமே ஆளை இழுத்தாக வேண்டும்.

கோட்டையைத் தூக்கிவிட்டு சூனியக்காரியின் முகத்தை மட்டும் பெரிதாக வைக்கலாமா? தம்பி டிராகனை விடமாட்டேன் என்கிறான். (கடையில் டிராகனுக்கா பஞ்சம்!) அப்புறம், தலைப்புக்குப் பின்னால் இருட்டுப் பட்டை கொடுத்தால் மலிவாகத் தெரியுமா? இரண்டு மாதிரிகளும் கீழே. போனில் பார்த்து, முதலில் எது கண்ணில் பட்டது என்று மட்டும் சொன்னாலும் போதும்.