முழுசாக எடுப்பதா, கட்டியை மட்டும் எடுப்பதா? – அனுபவப் பகிர்வு

போன வாரம் ஒரு தோழி கேட்டிருந்தார்: அக்காவுக்கு மார்பகத்தில் கட்டி, முழுசாக எடுத்துவிடலாம் என்கிறார்கள், யாருக்காவது அனுபவம் உண்டா என்று. அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் அனுபவத்தையும் கீழே சொல்லுங்கள்.

எனக்கு வயது 51. காரைக்குடிப் பக்கம் ஊர். பிளவுஸ் தைப்பது தொழில். இரண்டு வருடத்துக்கு முன்பு குளிக்கும்போது இடது மார்பில், அக்குள் பக்கமாக, புளியங்கொட்டை மாதிரி ஒன்று கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. வலி இல்லையே என்று ஒரு மாதம் விட்டுவிட்டேன். அப்புறம் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), ஸ்கேன், ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்ப்பது எல்லாம் முடிந்து, 1.8 செ.மீ. புற்றுக்கட்டி என்று வந்தது.

முதலில் போன மருத்துவமனையில் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. "ஐம்பது வயசாகப் போகுது. பிள்ளைக்குப் பால் கொடுத்து முடிச்சாச்சு. இனி எதுக்கும்மா அது? எடுத்துடலாம்." நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் மாமியார், "களையை வேரோட பிடுங்கினாத்தான் நிம்மதி" என்றார். அவர் பயத்தில் சொன்னது, குறை சொல்ல மாட்டேன்.

என் கடைக்கு மார்பு எடுத்த ஒரு அக்கா வருவார். அவருடைய பிளவுஸுக்குள் பஞ்சு வைக்க ஒரு சின்னப் பை வைத்துத் தைத்துக் கொடுப்பேன். அளவு எடுக்கும்போது கண்ணாடி இருக்கும் பக்கம் திரும்பவே மாட்டார். அன்று ராத்திரி முழுக்க அவர் முதுகுதான் என் கண்ணில் நின்றது. காலையில் என் மகளிடம் சொன்னேன். "வேற ஒரு டாக்டரையும் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்மா" என்று மதுரைக்குக் கூட்டிப் போனாள்.

அங்கே இருந்த பெண் மருத்துவர் படம் போட்டே விளக்கினார். கட்டி ஒன்றுதான், சின்னது, ஓர் ஓரமாக இருக்கிறது. அதனால் அதையும் சுற்றியுள்ள கொஞ்சம் நல்ல சதையையும் எடுத்துவிட்டு, மீதி மார்புக்குக் கதிர் சிகிச்சை கொடுக்கலாம் என்றார். "முழுசா எடுத்தா கூட நாள் இருப்பேனா?" என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இத்தாலியில் மிலான் நகரத்தில் வெரோனேசி என்ற மருத்துவர், 1973 முதல் 1980 வரை, 2 செ.மீ.க்குள் கட்டி இருந்த 701 பெண்களைச் சேர்த்தார். பாதிப் பேருக்கு முழுசாக எடுத்தார்கள். மீதிப் பேருக்கு மார்பின் கால் பாகத்தை எடுத்துவிட்டுக் கதிர் கொடுத்தார்கள். 20 வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் உயிர் பிழைத்திருந்த கணக்கில் வித்தியாசமே இல்லை. இன்னொன்றையும் அவர் மறைக்கவில்லை. காப்பாற்றிய மார்பிலேயே 30 பேருக்குத் திரும்ப வந்தது. முழுசாக எடுத்தவர்களில் அந்த இடத்தில் திரும்ப வந்தது 8 பேருக்கு. வருடா வருடம் மேமோகிராம் எடுக்கச் சொல்வது அதனால்தான்.

எடுத்த சதையின் ஓரத்தில் மை பூசி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்களாம். மை பட்ட ஓரத்தில் புற்று அணு இருந்தால், இன்னும் உள்ளே மிச்சம் இருக்கலாம் என்று அர்த்தம். எனக்கு அது உடனே பிடிபட்டது. துணி வெட்டும்போது கோட்டின் மேலேயே வெட்ட மாட்டோம், தையலுக்குக் கொஞ்சம் விட்டுத்தான் வெட்டுவோம். எனக்கு ஒரு பக்க ஓரம் சுத்தமில்லை என்று ஆபரேஷன் நடக்கும்போதே ஆய்வகத்திலிருந்து சொல்லி, அப்போதே இன்னும் கொஞ்சம் எடுத்தார்கள். சிலருக்கு முழு ரிசல்ட் வந்த பிறகுதான் தெரியும், இரண்டாவது தடவை தியேட்டருக்குப் போக வேண்டியிருக்கும்.

அக்குளில் எந்த நெறிகட்டிக்குப் புற்று முதலில் போகும் என்று பார்க்க நீலச் சாயம் ஊசி போட்டார்கள். இரண்டு நெறிகட்டி எடுத்தார்கள், இரண்டிலும் ஒன்றும் இல்லை. மறுநாள் சிறுநீர் நீலப்பச்சையாகப் போனது. முன்னாடியே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன்.

கட்டுப் பிரித்த அன்று தையலைத்தான் முதலில் பார்த்தேன். அக்குள் பக்கமாக வளைந்து ஒரு விரல் நீளம். மேல் பக்கம் லேசாகக் குழி விழுந்திருந்தது. என் மார்பு இருந்தது. வாய்விட்டு அழுதேன்.

மறுமொழி: கதிர் சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் ஒரு சகோதரி

அக்கா, ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். "கட்டியை எடுத்தாச்சு, கரண்ட் எதுக்கு" என்று பாதியில் நின்றுவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு பதறும். கதிர் சிகிச்சைக்குத்தான் கரண்ட் என்று பேர், உடம்பில் மின்சாரம் எதுவும் பாயாது. அமெரிக்காவில் ஃபிஷர் என்ற மருத்துவரின் குழு 1,851 பெண்களை 20 வருடம் கவனித்தது. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் கொடுக்காதவர்களில் 100க்கு 39 பேருக்கு அதே மார்பில் திரும்ப வந்தது. கதிர் கொடுத்தவர்களில் 14 பேர். 70 வயதுக்கு மேல், ஆபத்து குறைந்த சிலருக்கு மருத்துவரே வேண்டாம் என்பார், அது வேறு. தினமும் வந்துபோக வழியில்லை என்றால் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். முன்பு 5 வாரம் கொடுத்ததை இப்போது பெரும்பாலும் 3 வாரத்தில் முடிக்கிறோம்.

மறுமொழி: திருச்சியிலிருந்து ஒரு மகள்

என் அம்மாவுக்கும் மார்பைக் காப்பாற்றலாம் என்று ஆசைப்பட்டோம். ஆனால் மேமோகிராமில் மார்பு முழுக்கச் சுண்ணாம்புப் புள்ளிகள் பரவி, இரண்டு இடத்தில் கட்டியும் இருந்தது. மூன்று மருத்துவர்களும் முழுசாக எடுப்பதுதான் சரி என்றார்கள். எடுத்தோம். நாலு வருடமாக நன்றாக இருக்கிறார். ஆனால் "உன் தோழி அம்மாவுக்கு மட்டும் எப்படி மிச்சம் வைச்சாங்க?" என்று கேட்கும்போது என்ன சொல்வதென்று தெரியவில்லை.

திருச்சித் தங்கைக்கு

அம்மாவிடம் சொல்லும்மா, அவருக்கு இருந்த நோய்க்கு அதுதான் சரியான வைத்தியம். கேட்டுப் பார்த்து, காரணம் தெரிந்து எடுத்தது. எனக்கு வருத்தமெல்லாம் கேட்காமலே எடுத்துவிடுகிறார்களே என்பதுதான். கட்டி பெரிதாக இருந்தாலும் முதலில் கீமோ (புற்றை அழிக்கும் மருந்து) கொடுத்துச் சுருக்கிவிட்டுக் கட்டியை மட்டும் எடுக்க முடியுமா என்று கேட்கலாம், சிலருக்கு முடிகிறது. கர்ப்பமாக இருப்பவர்கள், முன்பே நெஞ்சில் கதிர் வாங்கியவர்கள், இவர்களுக்கு வேறு கணக்கு.

என் கதிர் நாட்களையும் சொல்லிவிடுகிறேன். முழு மார்புக்கு 15 நாள், கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் 5 நாள். இடது பக்கம் என்பதால் இதயத்தில் கதிர் அதிகம் படாமலிருக்க மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள். கையைத் தலைக்கு மேல் வைத்தபடி இருபது எண்ணும்வரை பிடிக்க வேண்டும். அதற்காக வீட்டில் சுவரில் விரலால் ஏறி ஏறித் தோளைப் பழக்கினேன். மூன்றாவது வாரம் தோல் கறுத்து, மார்புக்கு அடியில் மடிப்பில் உரிந்தது. பவுடர், வாசனைச் சோப்பு எதுவும் கூடாது. கதிர் கொடுக்கும் இடம் தெரிய உடம்பில் போட்ட கோட்டை அழிக்கவும் கூடாது.

அந்த நாட்களில் பாடியும் போட முடியாது, இறுக்கமான பிளவுஸும் ஆகாது. பழைய பருத்தி வேட்டியில் நானே ஒன்று தைத்துக்கொண்டேன்: முன் பக்கம் திறப்பு, கொக்கிக்குப் பதில் நாடா, கைக்குழி இரண்டு இஞ்ச் தளர்வு, அக்குளில் தையல் மடிப்பு வெளிப்பக்கம். கதிருக்குப் போகப்போகும் யாருக்காவது வேண்டுமென்றால் மார்புச் சுற்றளவும் தோள் அளவும் சொல்லுங்கள், தைத்து அனுப்புகிறேன்.